மேக்கில் அப்டேட் பாதியில் நிற்கிறதா? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். முன்பெல்லாம் ஆப்பிளின் மேக் கணினி என்றால் அச்சகத்திலும் போட்டோ ஸ்டுடியோவிலும்தான் பார்க்கலாம். இப்போது கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக்கியவரிடம் இருக்கிறது, தேவகோட்டை ஆடிட்டரிடம் இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து பேரன் அனுப்பியதை வைத்துக்கொண்டு தினமும் வீடியோ காலில் பேசும் ஆயாவிடமும் இருக்கிறது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். திரையில் மெனுப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றின் உச்சரிப்பை இங்கே தமிழில் தந்திருக்கிறேன்.

பிழைச் செய்தி வந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும்?

‘ஓகே’ அழுத்துவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். “ஏதோ எரர் வருதுண்ணே” என்றுதான் பலரும் போனில் சொல்கிறார்கள். அந்த ‘ஏதோ’வில்தான் விடை இருக்கிறது. ‘நாட் எனஃப் ஸ்பேஸ்’ என்பதும் ‘டேமேஜ்டு’ என்பதும் ‘குட் நாட் பி கான்டாக்டட்’ என்பதும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

படம் எடுத்தாயிற்றா, சரி. மேக்கை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். அப்போதும் வந்தால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: காலி இடம், இணையம், தேதியும் நேரமும், கரண்ட். என்னிடம் வரும் மேக்குகளில் பாதிக்கு மேல் இந்த நான்கைத் தாண்டிப் போவதில்லை.

வீட்டில் நெட் நன்றாகத்தான் இருக்கிறது. அப்டேட் மட்டும் பாதியில் அறுந்துபோகிறதே, ஏன்?

நம் ஊர் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது சுவரைத்தான். ரவுட்டரை முகப்பில் வைத்திருப்பார்கள், மேக் இரண்டாம் கட்டில் இருக்கும். இடையில் வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவர்கள், தேக்குக் கதவுகள். வாட்ஸப் செய்தி போகிற அளவுக்கு சிக்னல் வந்து சேரும். ஆனால் மேக் இயங்குதளத்தின் முழு இன்ஸ்டாலர் 12 ஜிபிக்கு மேல் வரும். அவ்வளவு நேரம் அந்தச் சிக்னல் தாக்குப்பிடிக்காது.

சிக்னலை அளந்து பார்க்க வழி இருக்கிறது. ஆப்ஷன் பொத்தானை அழுத்தியபடி மேலே உள்ள வைஃபை குறியை க்ளிக் செய்யுங்கள். ‘ஆர்எஸ்எஸ்ஐ’ என்று ஒரு எண் வரும். மைனஸ் 50 பக்கம் இருந்தால் அருமை. மைனஸ் 75, 80 என்று இருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து அப்டேட் போடவேண்டாம். மேக்கை எடுத்துக்கொண்டு முகப்புக்கே வந்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஒரு லேன் கேபிளும் அதற்கான அடாப்டரும் வாங்குங்கள். சுவர் தடிமனான வீட்டில் கேபிளுக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது. ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருந்தால், சுவரைத் தாண்டிப் போக 2.4தான் உதவும்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். தினசரி 1.5 ஜிபி, 2 ஜிபி என்று இருக்கும் திட்டங்களில் அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 13 ஜிபி இறங்க 18 நாளுக்கு மேல் ஆகும். 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் அதே கோப்பு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

பாதியில் அறுந்த பிறகு மறுபடியும் பிழை வந்தால், ‘அப்ளிகேஷன்ஸ்’ ஃபோல்டரில் ‘இன்ஸ்டால் மேக்ஓஎஸ்’ என்று தொடங்கும் கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை ட்ராஷில் போட்டுக் காலி செய்து, ரீஸ்டார்ட் செய்து, புதிதாக இறக்குங்கள். விபிஎன் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

டவுன்லோட் முழுசாக முடிந்துவிட்டது. ‘ஃபெயில்டு டு பெர்சனலைஸ்’ என்று வருகிறதே?

டவுன்லோட் முடிந்ததும் நெட்டை அணைத்துவிட்டீர்களா? அப்புறமும் மேக்குக்கு இணையம் வேண்டும். புதிய மேக்குகளில், இறக்கிய அப்டேட் இந்தக் கணினிக்கு உரியதுதான் என்று ஆப்பிள் சர்வர் ஒப்பமிட்டுத் தரவேண்டும். அந்த நேரத்தில் தொடர்பு இல்லாவிட்டால் இந்தச் செய்தி வரும். கல்லூரி, லாட்ஜ் வைஃபைகளில் இடையில் நிற்கும் ஃபயர்வால் தடுத்தாலும் வரும். வேறு இணைப்பில் மாற்றிப் பாருங்கள்.

இடம் இல்லை என்கிறது. படங்களை எல்லாம் அழித்தேன், அப்படியும் இடம் கூடவில்லை. எங்கே போகிறது?

128 ஜிபி மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைக் கேட்பார்கள். பிக் சர் என்ற மேக் பதிப்பு வந்தபோது 35.5 ஜிபி காலி இடம் வேண்டும் என்று ஆப்பிளே சொன்னது. அடுத்து வந்த மான்டரேக்கு 26 ஜிபி. நான் 40 ஜிபி காலி செய்துவிட்டுத்தான் எதையும் தொடங்குவேன்.

அழித்தும் இடம் கூடாததற்கு இரண்டு காரணங்கள். அழித்தவை ட்ராஷிலேயே கிடக்கலாம். போட்டோஸ் செயலிக்குள் ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ என்று இன்னொரு குப்பைத்தொட்டி தனியாக உண்டு. அதையும் காலி செய்யவேண்டும். இரண்டாவது காரணம் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின். அது மணிக்கொரு முறை வட்டின் நிலையைப் பதிந்து சுமார் ஒருநாள் வைத்திருக்கும். நீங்கள் அழித்த படம் அந்தப் பதிவுக்குள் உயிரோடு இருப்பதால் இடம் விடுபடாது. ஒருநாள் பொறுத்தால் தானாகப் போய்விடும். அவசரம் என்றால் டிஸ்க் யுடிலிட்டியில் ‘வியூ’ மெனுவுக்குள் ‘ஷோ ஏபிஎஃப்எஸ் ஸ்னாப்ஷாட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து நீக்கலாம்.

ஐபோனை மேக்கில் பேக்கப் எடுத்து மறந்துபோனவர்களுக்கு அதிலேயே பல ஜிபி மாட்டியிருக்கும். ஃபைண்டரில் போனைத் தேர்ந்தெடுத்து ‘மேனேஜ் பேக்கப்ஸ்’ பாருங்கள். மொத்தக் கணக்கும் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் கிடைக்கும். ‘உங்கள் மேக்கைச் சுத்தம் செய்கிறோம்’ என்று விளம்பரத்தில் வரும் செயலிகளை ஏற்றாதீர்கள். அவை அப்புறம் தனிப் பிரச்சினையாகும்.

எனக்கு மட்டும் புதிய பதிப்பு காட்டவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பெரும்பாலும் வயதுதான் காரணம். ஆப்பிள் மெனுவில் ‘அபவுட் திஸ் மேக்’ திறந்தால் எந்த ஆண்டு மாடல் என்று தெரியும். 2017 மேக்புக் ஏர் மான்டரேயோடு நின்றுவிடும். 2024இல் வந்த செக்கோயாவுக்கு மேக்புக் ஏர் 2020ஆகவாவது இருக்கவேண்டும், மேக்புக் ப்ரோ 2018ஆகவாவது இருக்கவேண்டும். 2025 செப்டம்பரில் வந்த டாஹோ, இன்டெல் மேக்குகளில் நான்கே மாடல்களில்தான் ஏறும்: 2019இன் 16 அங்குல மேக்புக் ப்ரோ, நான்கு தண்டர்போல்ட் துளையுள்ள 2020இன் 13 அங்குல மேக்புக் ப்ரோ, 2020 ஐமேக், 2019 மேக் ப்ரோ. இன்டெல்லுக்கு இதுவே கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. எம்1 முதலான ஆப்பிள் சிப் மேக்குகள் எல்லாவற்றிலும் டாஹோ ஏறும்.

பழைய மேக்கை ஏமாற்றிப் புதிய பதிப்பை ஏற்றும் வழிகள் உண்டு. பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் கணினி என்றால் செய்து பாருங்கள். கணக்கு வழக்கு இருக்கும் கணினியில் வேண்டாம்.

அப்டேட் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை மூன்று மணி நேரமாக நகரவில்லை. அணைத்துவிடலாமா?

பொறுங்கள். பட்டை ஒரே இடத்தில் நிற்பதும், திரை கறுத்துப்போவதும், இரண்டு மூன்று முறை தானாக ரீஸ்டார்ட் ஆவதும் வழக்கம்தான். சார்ஜரைச் செருகி, மூடியைத் திறந்தபடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையிலும் அப்படியே நின்றால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள்.

அப்புறம் ‘சேஃப் மோட்’. ஆப்பிள் சிப் மேக் என்றால் ‘லோடிங் ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ்’ என்று வரும்வரை பவர் பொத்தானை விடாமல் அழுத்தி, வட்டைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்தபடி ‘கன்டினியூ இன் சேஃப் மோட்’ கொடுங்கள். இன்டெல் மேக்கில் ஆன் செய்ததுமே ஷிஃப்ட் பிடித்தால் போதும். அந்த நிலையில் உள்ளே போய் அப்டேட்டை மறுபடி ஓட்டினால் பல நேரம் ஏறிவிடும்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டால்?

மேக்புக் என்றால் பேட்டரி காப்பாற்றும். ஐமேக்கிலும் மேக் மினியிலும் பேட்டரி கிடையாது. யுபிஎஸ் இல்லாமல் அவற்றில் அப்டேட் போடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் அணைந்துபோய், திரையில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி மட்டும் தெரிந்தால் பயப்படவேண்டாம். இன்னொரு மேக்கை யுஎஸ்பி-சி கேபிளால் இணைத்து ‘ரிவைவ்’ செய்யலாம். ரிவைவ் உங்கள் கோப்புகளைத் தொடாது. அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘ரிஸ்டோர்’ எல்லாவற்றையும் அழித்துவிடும். யாரிடம் கொடுத்தாலும் இந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த மேக். ‘ரிகவரி சர்வர் குட் நாட் பி கான்டாக்டட்’ என்கிறது. நெட் இருக்கிறதே?

தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த மேக்கின் கடிகாரம் எங்கேயோ பழைய வருடத்துக்குப் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியை வைத்துத்தான் செல்லும், செல்லாது என்று முடிவாகும். அதனால் சர்வர் பேச மறுக்கிறது.

ரிகவரி திரையில் ‘யுடிலிட்டீஸ்’ மெனுவில் டெர்மினல் (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் சாளரம்) இருக்கும். அதைத் திறந்து ‘டேட்’ என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வருடம் என்ற வரிசையில் எண்களைச் சேர்த்து எழுதுங்கள். 2026 பிப்ரவரி 15, காலை 10.30 என்றால் 021510302026. என்டர் தட்டிவிட்டு வெளியே வந்து மறுபடி முயலுங்கள். சில மணி நேரம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை.

பென் டிரைவில் பல வருடமாக வைத்திருக்கும் இன்ஸ்டாலர் ‘டேமேஜ்டு’ என்று சொல்வதற்கும் இதே மாதிரிதான் காரணம். பழைய இன்ஸ்டாலர்களில் இருந்த ஆப்பிளின் சான்றிதழ் ஒன்று 2019 அக்டோபர் 24இல் காலாவதியானது. ஆப்பிளிடமிருந்தே புதிதாக இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும்.

மகன் அமெரிக்காவிலிருந்து கொடுத்தனுப்பிய மேக். எதை ஏற்றினாலும் அவனுடைய பாஸ்வேர்ட் கேட்கிறது.

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கொண்டு வருகிறார்கள். இதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

செயலி அப்டேட் ஆகும்போது மட்டும் கேட்டால், அந்தச் செயலி மகனுடைய ஆப்பிள் கணக்கில் வாங்கியது. அதை அழித்துவிட்டு, ஆப் ஸ்டோரில் உங்கள் கணக்கில் நுழைந்து மறுபடி இறக்குங்கள். காசு கொடுத்து வாங்கியதென்றால் நீங்களும் வாங்கவேண்டியிருக்கும்.

மேக்கைத் துடைத்துப் புதிதாக ஏற்றிய பிறகு தொடக்கத்திலேயே கேட்டால் அது ‘ஆக்டிவேஷன் லாக்’. 2018க்குப் பிறகு வந்த பல மாடல்களில் உண்டு. கடையில் யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். உங்கள் மகன் அங்கிருந்தபடியே ஐகிளவுட் தளத்தில் ‘ஃபைண்ட் மை’ திறந்து இந்த மேக்கைத் தன் கணக்கிலிருந்து நீக்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு நிறுவனத்தின் பெயரோடு வந்தால், அது அவர் வேலை பார்த்த இடத்தின் கணினி. அந்த நிறுவனம்தான் விடுவிக்கவேண்டும். மகனிடம் சொல்லி அவர்களுக்கு எழுதச் சொல்லுங்கள்.

இனிமேல் அனுப்புகிறவர்களுக்கு: பெட்டியில் வைக்கும் முன் ‘ஈரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ செய்துவிட்டு அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.

‘செயலி சேதமடைந்திருக்கிறது, ட்ராஷில் போடுங்கள்’ என்று வருகிறது. டெர்மினலில் ஒரு வரி போட்டால் சரியாகும் என்கிறார்களே?

அந்த வரியைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2012 முதல் மேக்கில் ‘கேட்கீப்பர்’ என்ற காவல் இருக்கிறது. இணையத்தில் இறக்கும் ஒவ்வொரு செயலியையும் யார் செய்தார், இடையில் யாராவது கைவைத்தார்களா என்று அது பார்க்கும். செய்தவர் யாரென்று தெரியவில்லை என்றால் ஒரு செய்தி. உள்ளே ஏதோ மாறியிருக்கிறது என்றால் ‘டேமேஜ்டு’. நல்ல செயலிக்கும் டவுன்லோட் அரைகுறையானால் இது வரும். அதை அழித்துவிட்டு, தயாரித்தவரின் தளத்திலிருந்தே மறுபடி இறக்குங்கள்.

தெரிந்தவர் செய்த சின்னச் செயலிதான், நம்பலாம் என்றால் முறையான வழி இருக்கிறது. ஒருமுறை திறந்து பாருங்கள், தடுக்கும். பிறகு ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ போய்க் கீழே இறங்கினால் ‘ஓப்பன் எனிவே’ இருக்கும். ஒரு மணி நேரம் போலத்தான் அது தெரியும். முன்பு கன்ட்ரோல் பிடித்து க்ளிக் செய்து திறப்போம். செக்கோயாவிலிருந்து அந்தக் குறுக்குவழி இல்லை.

இறக்கிய செயலி திருட்டுப் பதிப்பு என்றால் அது உண்மையிலேயே மாற்றப்பட்டதுதான், மேக் சொல்வது சரி. திருட்டுப் பதிப்புகளோடு சேர்ந்து வரும் ‘அட்டாமிக் ஸ்டீலர்’ என்ற தீம்பொருள் 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. முகம் தெரியாதவர் கொடுத்த வரியை டெர்மினலில் ஒட்டுவது, வளவுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பது மாதிரி.

செயலி வேலை செய்கிறது. அப்டேட் மட்டும் ‘ரீட் ஒன்லி வால்யூம்’ என்று சொல்லி நிற்கிறது.

செயலி பொதிந்து வந்த டிஎம்ஜி கோப்பைத் திறந்து உள்ளிருந்தே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். செயலியை இழுத்து ‘அப்ளிகேஷன்ஸ்’ ஃபோல்டரில் போட்டு அங்கிருந்து திறங்கள்.

டேலி இன்ஸ்டால் ஆகவில்லை.

டேலி விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். அதன் இஎக்ஸ்இ கோப்பை மேக் நேரடியாக ஓட்டாது. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் மென்பொருள் வாங்கி அதற்குள் ஏற்றலாம். புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் கேட்டபோது, கணக்குக்கு மட்டும் ஒரு சாதாரண விண்டோஸ் கணினி வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றின் டிரைவர் ‘இன்ஸ்டாலேஷன் ஃபெயில்டு’ என்று முடிகிறது.

இன்ஸ்டாலர் திறந்திருக்கும்போதே மேலே ‘விண்டோ’ மெனுவில் ‘இன்ஸ்டாலர் லாக்’ திறங்கள். ‘ஷோ ஆல் லாக்ஸ்’ வைத்துக் கடைசி இருபது வரிகளைப் படித்தால் எந்த இடத்தில் விழுந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டோக்கன் வைத்திருக்கும் ஆடிட்டர்களுக்கு இன்னொன்று. டிரைவர் ஏறியும் வேலை செய்யவில்லை என்றால் மேக் அதைத் தடுத்து வைத்திருக்கும். ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில் ‘அலவ்’ பொத்தான் காத்திருக்கும். அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேட்கும் பாஸ்வேர்ட் மேக்கில் நுழையும் பாஸ்வேர்ட்தான், ஆப்பிள் கணக்கினுடையது அல்ல. ஆபீஸில் உங்களுக்குக் கொடுத்திருப்பது ‘ஸ்டாண்டர்டு’ கணக்கு என்றால் அது ஏற்காது, ‘அட்மின்’ வைத்திருப்பவர் வரவேண்டும். பிரிண்டருக்கு டிரைவரே வேண்டியிருக்காது. ஏர்பிரின்ட் உள்ள மாடல் என்றால் நேரடியாகச் சேர்த்துவிடலாம்.

அப்டேட்டுக்குப் பிறகு அச்சகத்து மென்பொருள் திறக்கவில்லை.

2019இல் வந்த கேடலினா பதிப்பிலிருந்து பழைய வகையான 32 பிட் செயலிகள் ஓடாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் அடோபி சிஎஸ்6 காலத்து மேக்குகள் இன்னும் நன்றாக உழைக்கின்றன. அவற்றில் கேடலினாவுக்கு முந்தைய மொஜாவேயைத் தாண்டாதீர்கள். அந்தக் கணினியை வடிவமைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலையையும் மெயிலையும் வேறு கணினியில் பாருங்கள். ஆப்பிள் சிப் மேக்கில் 64 பிட் இன்டெல் செயலி திறக்கவில்லை என்றால், அதை ஓட்ட உதவும் ‘ரொசெட்டா’வை ஏற்றவா என்று மேக் கேட்கும். சம்மதம் சொன்னால் தானே இறக்கிக்கொள்ளும்.

ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி மேக்புக் ஏரோடு வந்தார். வேறொரு இடத்தில் அப்டேட் பிழைக்காகக் கொடுத்திருக்கிறார். பேக்கப் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டார்கள். அவருடைய அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக் கல்யாணப் படங்கள், அதாவது அறுபதாம் கல்யாணப் படங்கள், அதில்தான் இருந்தன. எப்படியாவது எடுத்துத் தா தம்பி என்று கேட்டார். இந்த மேக்குகளில் வட்டு முழுக்கப் பூட்டப்பட்டிருக்கும். அழிக்கும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடும். அதற்கப்புறம் எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. இதை அவரிடம் சொன்ன அந்த மத்தியானம் எனக்கு மறக்கவில்லை.

அழிக்காமலே ரிகவரி திரைக்குப் போய்ப் புதிதாக ஏற்றலாம். ஆப்பிள் சிப்பில் பவர் பொத்தானைப் பிடித்து ‘ஆப்ஷன்ஸ்’, இன்டெல்லில் ஆன் செய்யும்போது கமாண்டும் ஆர் எழுத்தும். முதலில் டிஸ்க் யுடிலிட்டியில் ‘ஃபர்ஸ்ட் எய்ட்’ ஓட்டுங்கள். பிறகு ‘ரீஇன்ஸ்டால் மேக்ஓஎஸ்’. இது இயங்குதளத்தை மட்டும் மாற்றும், உங்கள் படங்களும் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘ஈரேஸ்’ என்று எங்கே வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். எதற்கும் முன்னால் ஒரு ஹார்டு டிஸ்க்கில் டைம் மெஷின் பேக்கப் எடுத்துவிடுங்கள். மேக் திறக்கவே இல்லையென்றால், பேக்கப் எடுக்க வழியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது என்று கொடுக்கும் இடத்தில் சொல்லிக் கொடுங்கள்.

புதிதாக ஏற்றிய பிறகு தமிழ் கீபோர்டைக் காணோம். எங்கே இறக்குவது?

எங்கேயும் இறக்கவேண்டாம், உள்ளேயே இருக்கிறது. ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘கீபோர்டு’, ‘இன்புட் சோர்சஸ்’ பக்கத்தில் ‘எடிட்’, பிறகு கூட்டல் குறி. பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அஞ்சலும் தமிழ் 99உம் இருக்கும். பழக்கமானதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்கு இணைமதி கூடவே வருகிறது.